கடைசித் தெருவுக்கு ஒரு சுகாதாரத் தன்னார்வலர்: புதிதாகத் தொடங்குவோருக்கு

தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் கணக்கு இது. பெருமைப்பட வேண்டிய கணக்குதான். அதே ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது என்றும் சொல்கிறது. ஆனால் மாநிலம் முழுவதையும் சேர்த்துப் போடும் கணக்கில், ஒரே ஊராட்சிக்குள் யாருக்கு எல்லாம் கிடைக்கிறது, யார் விட்டுப்போகிறார்கள் என்பது தெரியாது. பஸ் நிற்கும் தெருவில் இருப்பவர் பிரஷர் மாத்திரையை மாதந்தவறாமல் வாங்கிவிடுவார். ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியில் இருப்பவர் ஒருநாள் கூலியை விட்டால்தான் அதே மாத்திரை கைக்கு வரும். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பத்தின் பெயரோ பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பலன் தந்த வழிகளில் முக்கியமானது, விட்டுப்போகிறவர்களின் நடுவிலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970-இல் பணியைத் தொடங்கிய மருத்துவத் தம்பதி ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே இருவரும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக உருவாக்கினார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள். அதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி பயிற்சி கொடுத்த பெண்கள் பச்சிளங்குழந்தைகளை வீடு தேடிப்போய்க் கவனித்தார்கள். அந்தக் கிராமங்களில் பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 1999-இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் அந்த முடிவு வெளியானது. நம்மூரில் தர்மபுரி மாவட்டம் சிட்லிங் பள்ளத்தாக்கில் 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதியும் அங்குள்ள பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் பணியை வளர்த்தார்கள்.

ஒன்றிரண்டு ஊராட்சிகளில் பத்துப் பதினைந்து பேருக்குப் பயிற்சி கொடுக்க நினைக்கும் சிறு அமைப்புகள், மகளிர் குழுக் கூட்டமைப்புகள், இளைஞர் மன்றங்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பாடத்திட்டத்திலிருந்து தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், எந்த வீடுகளுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

முதலில் சப்-சென்டருக்குப் போங்கள்

ஊருக்குள் ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் இறங்கினால் இரண்டு மாதத்தில் மனக்கசப்புதான் மிஞ்சும். துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரை முதலில் பாருங்கள். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் சுமார் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது விதி. ஒரே நர்சம்மா கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, அறிக்கை, கூட்டம் என எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருப்பார். உங்கள் தன்னார்வலர்கள் தன் சுமையைக் குறைக்க வருகிறார்களா, தன்மேல் குறை கண்டுபிடிக்க வருகிறார்களா என்ற கேள்விதான் அவர் மனதில் முதலில் எழும். அதற்கு வார்த்தையால் பதில் சொல்வதை விட, அவருக்கு எட்டாத தெருக்கள் எவை என்று அவரிடமே கேட்டு அங்கிருந்து தொடங்குவது நல்லது.

பிறகு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஆகியோரைச் சந்தியுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். அவர்கள் செய்வதையே நீங்களும் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் வரும் நேரத்தில் வேலைக்குப் போய்விடுகிறவர்கள், பட்டியலில் பெயர் ஏறாதவர்கள், சொந்த ஊர் வேறாக இருப்பவர்கள், இவர்கள்தான் உங்கள் பொறுப்பு. மலைக்கிராமமாக இருந்தால் ஆஷா பணியாளர் (தேசிய சுகாதாரத் திட்டத்தின் கிராமப் பணியாளர்) இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

சந்திப்பு முடிவில் மருத்துவ அலுவலரிடம் ஒரு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தன்னார்வலர் சீட்டுக் கொடுத்து அனுப்பும் நோயாளியை யார் பார்ப்பார், எந்த நாளில், எந்த நேரத்தில் என்பதே அது. இந்த ஏற்பாடு இல்லாமல் பயிற்சி கொடுக்காதீர்கள். முதல் நோயாளியை அழைத்துப்போகும் பெண்ணை அங்கே யாரும் மதிக்காவிட்டால், அவருடைய தெருவில் அவர் பேச்சுக்கு அதன்பின் மதிப்பிருக்காது.

கோலமாவில் ஊர் வரைபடம்

ஒரு சாயங்காலம், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, வெட்டவெளியில் கோலமாவு கொண்டு ஊரை வரையச் சொல்லுங்கள். சார்ட் பேப்பரும் பேனாவும் கொடுத்தால் படித்தவர் இரண்டு பேர் வரைவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தரையில் கோலமாவு என்றால் பாட்டிகள் கூட உட்கார்ந்து திருத்துவார்கள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வரையச் சொல்வது நல்லது. ஆண்கள் கோயில், டீக்கடை, மெயின் ரோடு என்று தொடங்குவார்கள். பெண்கள் தண்ணீர்க் குழாயிலிருந்தும் ரேஷன் கடையிலிருந்தும் தொடங்குவார்கள். காலனியில் தனியாக ஒருமுறை வரையாமல் விடவே கூடாது.

வரைந்து முடித்ததும் வீடு வீடாகக் கேள்வி கேட்டு அடையாளம் வையுங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் புளியங்கொட்டை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேப்பங்கொட்டை, பிரஷர் அல்லது சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டவர் வீட்டில் ஒரு கல், படுக்கையில் இருப்பவருக்கு ஒரு குச்சி. அரை மணி நேரத்தில் தரையிலேயே பதில் தெரிந்துவிடும். கற்கள் எங்கே குவிகின்றன என்று எல்லோர் கண்ணுக்கும் படும்.

வரைபடம் முடிந்த பிறகு, "இதில் வராத வீடு எது?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, சூளைக் கொட்டகைகளும், கோழிப்பண்ணையில் தங்கி வேலை செய்யும் வடமாநிலக் குடும்பங்களும், குளத்தங்கரை இருளர் குடிசைகளும் முதல் வரைபடத்தில் பெரும்பாலும் வருவதில்லை. கேட்டால், "அவங்க நம்ம ஊர்க்காரங்க இல்லையே" என்பார்கள். அந்தப் பதிலை அப்படியே நோட்டில் எழுதிவையுங்கள். உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது. அந்த இடங்களுக்கு நேரில் போய், அவர்கள் கையாலேயே வரைபடத்தில் தங்கள் வீடுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தைப் போட்டோ எடுத்து, பிறகு ஒரு பெரிய தாளில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன நோய் என்பது அந்தத் தாளில் வரக்கூடாது. வீடும் எண்ணும் மட்டும் போதும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

ஊராட்சிக்கு ஒருவர் என்று வைத்தால் அந்த ஒருவர் ஊர்த்தெருவிலிருந்துதான் வருவார். அதனால் குடியிருப்புக்கு ஒருவர் என்று வையுங்கள். சத்தீஸ்கரில் 2002-இல் தொடங்கிய மிதானின் திட்டத்தில் கிராமத்துக்கு ஒருவர் என்று நிற்காமல், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அது நம் ஊர்களுக்கும் அப்படியே பொருந்தும். ஊர்த்தெருக்காரர் ஒருவர் காலனி வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்தால், அவர் சொன்ன எந்த ஆலோசனையும் அந்த வீட்டுக்குள் போகாது.

தலைவர் கொடுக்கும் பெயர்ப் பட்டியலை மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தெருப் பெண்களிடம் இப்படிக் கேளுங்கள்: "நடுராத்திரியில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யார் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க?" இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனையை வைக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் படிக்கும் மகளோ மருமகளோ நோட்டு எழுத உதவலாம். படத்தில் டிக் அடிக்கும் நோட்டும் தயாரிக்கலாம். ஆனால் நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லும் பழக்கம் உள்ளவரை, எவ்வளவு படித்திருந்தாலும் எடுக்காதீர்கள்.

காலனியிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் பெண் ஊர்த்தெருவுக்கும் போக வேண்டியிருந்தால், அவரை வாசலில் நிறுத்துவார்கள் என்பதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். முதல் சில வாரம் நர்சம்மாவோடு சேர்ந்து அவர் போகட்டும். ஒரு வீட்டில் அவமானப்படுத்தினால் அதை அவர் தனியாகத் தாங்கிக்கொள்ளக்கூடாது. குழுவாகப் போய்ப் பேச வேண்டியது அமைப்பின் கடமை.

தேர்ந்தெடுக்கப்பட்டவரின் வீட்டாரிடமும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். ராத்திரி அழைப்பு வரலாம், மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கலாம் என்பது மாமியாருக்கும் கணவருக்கும் முன்பே தெரிந்திருக்கட்டும்.

பணத்தைப் பற்றி முதல் நாளே பேசுங்கள்

தன்னார்வலர் என்றாலே இலவசமாக உழைப்பவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஏழைப் பெண்ணிடம் இலவச உழைப்பை வாங்கி ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறோம் என்று சொல்வதில் நியாயமே இல்லை. பயிற்சி நாட்களுக்கு, அந்த ஊரில் ஒருநாள் கூலி எவ்வளவோ அவ்வளவாவது கொடுங்கள். பஸ் செலவும் சாப்பாடும் தனி. கைக்குழந்தையோடு வருபவர்களுக்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். களப்பணிக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மாதத்துக்கு உறுதி என்பதைத் தேர்வுக்கு முன்பே சொல்லுங்கள். உங்களிடம் ஆறு மாதப் பணம்தான் இருக்கிறது என்றால் ஆறு மாதம் என்றே சொல்லுங்கள்.

பயிற்சியை எப்படிப் பிரிப்பது

தொடர்ந்து பத்து நாள் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு நாள் பயிற்சி, பிறகு இரண்டு வாரம் தெருவில் வேலை, மறுபடி இரண்டு நாள். இப்படி ஆறு மாதம் நடத்துங்கள். ஜாம்கேடில் பெண்கள் வாரந்தோறும் வந்து தங்கி, முந்தைய வாரம் கிராமத்தில் பார்த்ததைப் பேசி, அதிலிருந்தே அடுத்த பாடத்தைக் கற்றார்கள். தெருவில் எழுந்த கேள்வியோடு வருபவருக்குச் சொல்வது மறக்காது.

முதல் இரண்டு நாளில் உடம்பைப் பற்றிய பாடமே வேண்டாம். ஒவ்வொருவரும் தன் தெருவில் கடைசியாக நடந்த ஒரு மரணத்தையோ, பெரிய நோயையோ சொல்லட்டும். "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். குழந்தை ஏன் இறந்தது? வயிற்றுப்போக்கு. ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? அப்பா வேலைக்குப் போயிருந்தார், கையில் காசில்லை. 108-ஐ ஏன் கூப்பிடவில்லை? ரோடு வரை தூக்கிவர யாருமில்லை. வயிற்றுப்போக்கு ஏன் வந்தது? குழாய் அந்தத் தெருவுக்கு வரவில்லை. இந்தச் சங்கிலியைச் சுவரில் எழுதிவைத்து, எந்தக் கண்ணியை நாம் அறுக்க முடியும் என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். சிலது நோய் பற்றிய அறிவு, சிலது வண்டி, சிலது பஞ்சாயத்தில் கேட்க வேண்டிய தண்ணீர். மருந்து மட்டுமே சுகாதாரம் இல்லை என்பதை நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.

கைத்திறன்கள்: சிலதே போதும், ஆனால் பிசகக்கூடாது

ரத்த அழுத்தம் பார்ப்பதை அவசரமில்லாமல் கற்றுக்கொடுங்கள். பேட்டரி மெஷின்தானே, பட்டனை அழுத்தினால் எண் வரும் என்று நினைத்தால் எண் தப்பாக வரும். பயிற்சியில் இப்படிச் செய்துகாட்டுங்கள்: ஒருவர் வேகமாக நடந்து வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்து பலகையில் எழுதுங்கள். பிறகு அவர் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். பெரும்பாலும் எண் இறங்கியிருக்கும். இரண்டு எண்களையும் பார்த்தபிறகு யாரும் அந்த ஐந்து நிமிடத்தை விடமாட்டார்கள். பட்டை துணிமேல் இல்லாமல் வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை இதயத்தின் உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும், ஆகவே பெரிய பட்டை ஒன்றும் வைத்திருங்கள். அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ குடித்திருக்கக்கூடாது, சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். 140/90-ஐத் தொட்டால் சீட்டுக் கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். "உங்களுக்கு பிரஷர் நோய்" என்று தன்னார்வலர் முடிவு சொல்லக்கூடாது. அதை மருத்துவர் சொல்வார்.

குழந்தையின் மூச்சை எண்ணுவது அடுத்தது. சளி, இருமலோடு இருக்கும் குழந்தைக்கு நிமோனியாவா என்று சந்தேகப்பட இது எளிய வழி. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். அறுபது வரை எண்ணத் தெரியாதவர்களுக்காகக் கட்சிரோலியில் ஒரு எளிய கருவி செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு பாசிமணியை நகர்த்தினால் போதும். நீங்கள் பத்து மூச்சுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துவைக்கச் சொல்லலாம். நேரத்துக்கு செல்போனில் ஒரு நிமிட அலாரம்.

புஜச் சுற்றளவு நாடாவை ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம். 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் என்றால் அங்கன்வாடியோடு சேர்ந்து கண்காணிக்க வேண்டும்.

கர்ப்பிணியின் அபாய அறிகுறிகளைப் பாட்டாகவோ கைவிரல் கணக்காகவோ மனப்பாடம் செய்யவையுங்கள்: ரத்தப்போக்கு, கண் மங்கலோடு கடும் தலைவலி, முகம் வீக்கம், வலிப்பு, பனிக்குடம் உடைதல், குழந்தை அசைவு குறைதல். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை. பச்சிளங்குழந்தைக்கு: பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உடம்பு சில்லிட்டிருப்பது, தொப்புளில் சீழ், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போட்டுக் குடிக்கவைப்பதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே ஒரு லிட்டர் எதுவரை வரும் என்று கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. பாம்புக் கடிக்குக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், பச்சிலை வைத்தியத்தில் நேரம் போக்காமல், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நீலகிரி, கூடலூர் பக்கம் என்றால் பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் ரத்தசோகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். அதைக் கோலமாவு வரைபடம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசி போடுவது, ஆன்டிபயாடிக் கொடுப்பது, குளுக்கோஸ் ஏற்றுவது ஆகியவை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. தெருவில் அதற்கு நெருக்குதல் வரும். "நீதான் படிச்சிட்டு வந்திருக்கியே, ஒரு ஊசி போட்டுவிடு" என்பார்கள். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலையும் பயிற்சியிலேயே பேசிப் பழகட்டும்.

பேசக் கற்றுக்கொடுப்பது

பெரும்பாலான பயிற்சிகளில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். நான் பாதி நேரத்தை ஒதுக்கச் சொல்வேன். ஏழை நோயாளி ஏற்கெனவே எல்லா இடத்திலும் திட்டு வாங்கியவர். தன் தெருப் பெண்ணும் திட்டினால் கதவைச் சாத்திக்கொள்வார்.

இருவராக உட்காரவைத்து நடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்ட பெரியம்மா. முதல்முறை தன்னார்வலர் இப்படித் தொடங்குவார்: "ஏன் பெரியம்மா மாத்திரை போடல? கால் அழுகிப்போயிடும் தெரியுமா?" பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு, "போடுறேன்மா" என்று சொல்லிவிடுவார். அதோடு பேச்சு முடிந்தது. இரண்டாம்முறை இப்படி: "பெரியம்மா, மாத்திரை போட்டா உடம்புக்கு என்ன பண்ணுது?" இப்போது பெரியம்மா சொல்வார்: "காலையில அத போட்டுட்டு களை எடுக்கப் போனா கண்ணு இருட்டிக்கிட்டு வருதும்மா. கஞ்சி பத்து மணிக்குத்தான் வரும்." வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு வெயிலில் நிற்கிறார் என்று தெரிந்துவிட்டது. மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், கிளம்பும் முன் ஏதாவது சாப்பிட வழி பார்க்கலாம். முதல் கேள்வியால் இது எதுவும் வெளியே வந்திருக்காது.

இதைப் பத்து விதமான ஆட்களோடு பழகட்டும். குடித்துவிட்டுப் பேசவிடாத கணவர், தடுப்பூசி வேண்டாம் என்னும் தாத்தா, இந்தி மட்டும் பேசும் சூளைத் தொழிலாளி, திருநங்கை, கல்யாணமாகாமல் கருவுற்ற பெண். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நோயாளியாக நடித்தவரிடம், "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பயிற்சியாளர் சொல்லும் பத்துக் குறைகளை விட அவர் சொல்லும் ஒரு வரி உறைக்கும்.

ரகசியம் காப்பதைத் தனி வகுப்பாகவே எடுங்கள். காசநோய், எச்.ஐ.வி., கருக்கலைப்பு, வீட்டு அடிதடி. தெருக்குழாயில் ஒரு வார்த்தை கசிந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே குலையும். அந்தப் பேச்சை யாரிடம் கொண்டுபோகலாம், நோட்டில் எதை எழுதக்கூடாது என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காகிதம், கவுன்ட்டர், உரிமை

மருந்து இருக்கும், டாக்டர் இருப்பார், ஆனால் ஒரு காகிதம் இல்லாமல் நோயாளி திரும்பிவருவார். ஆகவே திட்டங்களை நோய்களைப் போலவே கவனமாகக் கற்றுக்கொடுங்கள். முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய், தவணை தவணையாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். கர்ப்பத்தைச் சீக்கிரமே பதிவு செய்து எண் வாங்காவிட்டால் அது தட்டிப்போகும். காசநோயாளிக்குச் சிகிச்சைக் காலம் முழுக்க ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய், 2024 நவம்பர் முதல் இந்தத் தொகை. வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு அந்தப் பணம் போய்ச் சேராது. கணக்குத் தொடங்க ஆதார், ஆதாருக்கு முகவரி. சூளைக் குடும்பம் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. யாரிடம் போனால் எது கிடைக்கும் என்ற பட்டியலை உங்கள் தாலுகாவுக்கென்று நீங்களே தயாரியுங்கள்.

ஒருநாள் முழுக் குழுவையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். ஓ.பி. சீட்டு எங்கே, ரத்தப் பரிசோதனை எந்த அறை, காப்பீட்டுக் கவுன்ட்டர் எது, பிரசவ வார்டுக்கு எந்த வாசல் என்று நடந்தே பார்க்கட்டும். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போது வரும் மிரட்சி உண்மையானது. வழி தெரிந்த ஒருவர் கூட நடந்தால் அது பாதியாகக் குறைந்துவிடும். அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் பயிற்சியிலேயே ஆளுக்கொருமுறை போன் செய்து ஆலோசனை கேட்டுப் பழகட்டும்.

களத்தில் முதல் மூன்று மாதம்

ஆளுக்கு முப்பது நாற்பது வீடு, அதற்கு மேல் வேண்டாம். அவற்றில் வரைபடத்தில் கல் வைத்த வீடுகளுக்கு முதலில் போகட்டும். பயிற்சியாளரோ அனுபவமுள்ள செவிலியரோ மாதம் இருமுறையாவது கூடவே நடந்து போக வேண்டும். நோட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதற்காகப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வெளியே வந்தபிறகு பேசுங்கள். நோயாளி முன்னால் திருத்தாதீர்கள், உயிருக்கு ஆபத்தான தவறு என்றாலொழிய.

மாதக் கூட்டத்தில், "எத்தனை வீட்டுக்குப் போனீர்கள்?" என்பது முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. அப்படிக் கேட்டால் எளிதான வீடுகளுக்கே திரும்பத் திரும்பப் போவார்கள். "போன மாதம் விட்டுப்போனவர்களில் யாருக்கு இந்த மாதம் கிடைத்தது, யாருக்கு இன்னும் இல்லை, ஏன்?" என்று கேளுங்கள். எண்களைத் தெருவாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஊர் முழுக்கத் தொண்ணூறு சதவீதக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்பது நல்ல செய்தியாகத் தோன்றும். போடாத பத்துப் பேரும் ஒரே தெருக்காரர்கள் என்றால் அந்தத் தெருவில் ஏதோ தடை இருக்கிறது.

தன்னார்வலரால் தீர்க்க முடியாதவை சேர்ந்துகொண்டே வரும்: குழாய் வரவில்லை, நர்சம்மா பணியிடம் காலி, ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத பாதை. இவற்றைக் கிராம சபைக்கு எடுத்துப்போங்கள். ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. பத்து நாள் முன்பே மனு எழுதி, தெருவாரி எண்களை இணைத்து, தெருப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போய்த் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காருங்கள். நோயாளி பெயர் மனுவில் வரக்கூடாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் தொல்லைகள்

நல்ல தன்னார்வலர் கிடைத்துவிட்டால் எல்லாத் துறையும் அவர் தோளில் வேலையை ஏற்றும். கணக்கெடுப்பா, முகாமுக்கு ஆள் சேர்ப்பதா, எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிடுவார்கள். அவர் சார்பாக "முடியாது" என்று சொல்வது அமைப்பின் வேலை. ராத்திரி அழைப்புக்குத் தனியாகப் போக வேண்டாம் என்று விதியே வைத்துவிடுங்கள். ஒரு மரணத்துக்குப் பிறகு, "நீ சொல்லித்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்" என்று அவர்மேல் பழி விழலாம். அன்றைக்கே நீங்கள் அந்தத் தெருவுக்குப் போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள், தொலைபேசியில் ஆறுதல் சொல்வது போதாது.

கருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தின் கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால், அதில் செருகும் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். விரலில் குத்தும் ஊசி ஆளுக்கொன்று, பயன்படுத்தியதும் கெட்டி டப்பாவில், டப்பா நிறைந்ததும் சுகாதார நிலையத்தில்.

கல்யாணம், வேறு வேலை, உடல்நலம் என்று சிலர் விலகுவார்கள். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விலகுபவரிடமே அடுத்தவர் பெயரைத் தெருக்கூட்டத்தில் பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் இருவரும் சேர்ந்து வீடுகளுக்குப் போகட்டும், அந்த மாதத்துக்கு இருவருக்கும் ஊதியம் கொடுங்கள். ஓராண்டு முடித்தவர்களில் இரண்டு பேரை அடுத்த குழுவின் பயிற்சியாளர்களாக்குங்கள். மூச்சு எண்ணுவதையும் பெரியம்மாவிடம் பேசுவதையும் அவர்கள் நடத்தட்டும், வெளியிலிருந்து வருபவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும்.